மின்சார லோடு வண்டி: விலையைப் பார்க்குமுன் ஓட்டத்தைப் பாருங்கள்

கடலூர் சாலையில் இப்போது பச்சை நம்பர் பலகை மாட்டிய லோடு வண்டிகள் கண்ணில் படத் தொடங்கியுள்ளன. சத்தமில்லை, புகையில்லை, டீசல் செலவில்லை என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். நோணாங்குப்பம், அரியாங்குப்பம், தவளக்குப்பம் வட்டாரத்து மளிகை வியாபாரிகளும், லைன் போடும் மொத்த வியாபாரிகளும் தங்கள் பழைய வண்டியை மாற்றும் வேளை வரும்போது "மின்சார வண்டி வாங்கலாமா?" என்று யோசிப்பது இயல்பே. இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆனால் ஒவ்வொருவரும் தம் விடையைத் தாமே கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை இங்கே விளக்குகிறோம்.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. வண்டியில் போடும் முதலுக்கும் அது பொருந்தும்.

குட்டி யானை முதல் மின்வண்டி வரை

2005ஆம் ஆண்டில் டாடா நிறுவனம் ஏஸ் என்ற சிறு லாரியைக் கொண்டுவந்தது. நம் மக்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் பெரிய லாரிக்கும் நடுவில் ஒரு வண்டி இல்லாத குறையை அது தீர்த்தது. சந்துக்குள் நுழையும், முக்கால் டன் சரக்கு ஏற்றும், ஒரே ஆள் ஓட்டி, இறக்கி, பணமும் வசூலித்து வரலாம். சிறு வியாபாரி சொந்த வண்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் பெருகியதற்கு இவ்வகை வண்டிகள் ஒரு முக்கியக் காரணம்.

அதே வண்டியின் மின்சார வடிவம் 2022 மே மாதம் அறிமுகமானது. மகிந்திரா நிறுவனம் 2020இல் ட்ரியோ ஜோர் என்ற மூன்று சக்கர மின்சார லோடு வண்டியையும், 2024 அக்டோபரில் ஜியோ என்ற நான்கு சக்கர வண்டியையும் கொண்டுவந்தது. 2025 ஜூன் மாதம் டாடாவின் ஏஸ் புரோ வந்தது. இது நம் கணக்குக்கு மிகவும் வசதியான வண்டி. ஏனெனில் ஒரே வண்டி பெட்ரோலிலும் வருகிறது, மின்சாரத்திலும் வருகிறது. ஏற்றும் எடை இரண்டிலும் 750 கிலோதான். அதாவது 50 கிலோ மூட்டையாகப் பார்த்தால் 15 மூட்டை. வண்டி ஒன்றே, எரிபொருள் மட்டும் வேறு என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். வேறு கம்பெனி வண்டி வாங்க நினைப்பவர்களும் இதே முறையில் தங்கள் தொகைகளைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

விலை வித்தியாசம் எவ்வளவு?

ஏஸ் புரோ அறிமுகமான 2025 ஜூனில் பெட்ரோல் வண்டியின் ஷோரூம் விலை 3 லட்சத்து 99 ஆயிரம் ரூபாயில் தொடங்கியது. மின்சார வண்டியின் விலை 6 லட்சத்து 50 ஆயிரம். வித்தியாசம் 2 லட்சத்து 51 ஆயிரம் ரூபாய்.

இதற்குப் பிறகு வரியில் ஒரு மாற்றம் வந்தது. மின்சார வண்டிகளுக்கு 2019 ஆகஸ்டு முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பெட்ரோல், டீசல் சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இந்தக் குறைப்பைக் கணக்கில் எடுத்தால் 3,99,000 ரூபாய் பெட்ரோல் வண்டி சுமார் 3,68,000 ரூபாய்க்கு வரவேண்டும். மின்சார வண்டிக்கு வரி மாறவில்லை. ஆகவே வித்தியாசம் 2 லட்சத்து 82 ஆயிரமாகக் கூடிவிட்டது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சரக்கு ஏற்றும் வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக வரவு எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆள் ஏற்றும் காருக்குள்ள தடை சரக்கு வண்டிக்கு இல்லை. எனவே முறையான ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வியாபாரிக்கு 18 சதவீதமும் 5 சதவீதமும் ஏறத்தாழ ஒன்றுதான். கட்டிய வரி அவர் கணக்குக்கே திரும்பிவிடுகிறது. வரியை நீக்கிவிட்டு இரு வண்டிகளையும் ஒப்பிட்டால் பெட்ரோல் வண்டி 3,12,000 ரூபாய், மின்சார வண்டி 6,19,000 ரூபாய். வித்தியாசம் 3 லட்சத்து 7 ஆயிரம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு கடைக்காரருக்கு வரவு எடுக்க வழியில்லை என்பதால் அவருக்கு வித்தியாசம் 2 லட்சத்து 82 ஆயிரம்தான். வரிவிலக்குள்ள சரக்கும் வரியுள்ள சரக்கும் கலந்து விற்பவருக்கு விற்பனை விகிதத்தில் வரவு குறையும் என்பதால் அவருடைய வித்தியாசம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும். "மின்சார வண்டிக்கு வரி வெறும் 5 சதவீதம்" என்ற பேச்சைக் கேட்கும்போது, நாம் எந்தத் திட்டத்தில் இருக்கிறோம் என்பதை முதலில் நினைவில் கொள்ளவேண்டும்.

மேற்கண்டவை அறிமுக விலையையும் வரி விகிதத்தையும் வைத்துப் போட்ட கணக்கு. நீங்கள் வாங்கும் நாளில் கொட்டேஷனில் உள்ள தொகையை இதே இடத்தில் போட்டுக்கொள்ளவும். இனி வரும் கணக்குகளுக்கு 2,82,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு கிலோமீட்டருக்கு என்ன மிச்சம்?

புதுச்சேரியில் பெட்ரோல், டீசல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பது நமக்குத் தெரிந்ததே. கடலூர்ப் பக்கத்து வண்டிகள் கன்னியக்கோயில் வரை வந்து எண்ணெய் போட்டுச் செல்வது அதனால்தான். 2025 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் மதிப்புக்கூட்டு வரி உயர்ந்து லிட்டருக்குச் சுமார் 2 ரூபாய் கூடியது. அந்த உயர்வுக்குப் பின்னும் பெட்ரோல் 96 ரூபாய், டீசல் 86 ரூபாய் அளவில்தான் நின்றது. அப்போது தமிழ்நாட்டில் பெட்ரோல் 100 ரூபாய்க்கு மேல்.

சரக்கேற்றிய பெட்ரோல் வண்டி, நின்று நின்று இறக்கிச் செல்லும் ஓட்டத்தில், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 96 ரூபாயை 16ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய்.

மின்சார வண்டிக்கு வருவோம். ஏஸ் புரோ மின்வண்டியின் பேட்டரி 14.4 யூனிட் கொள்ளளவு உடையது. சரக்கோடு ஓடும்போது பேட்டரியிலுள்ள ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் கிடைப்பதாகக் கொள்வோம். ஆனால் மீட்டரில் ஓடும் யூனிட் எல்லாம் பேட்டரிக்குள் போவதில்லை. சார்ஜ் ஏறும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. அதைக் கழித்தால் மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர். யூனிட் விலை எடுத்துக்காட்டாக 8 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 33 காசு.

ஆக, ஒரு கிலோமீட்டருக்கு மிச்சம் 4 ரூபாய் 67 காசு. டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு, லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றே கொண்டால், செலவு 5 ரூபாய் 38 காசு. மிச்சம் சுமார் 4 ரூபாய். கடலூரில் எண்ணெய் போடும் வியாபாரிக்கு நம்மைவிட 30 காசு அளவுக்குக் கூடுதலாக மிஞ்சும். எண்ணெய் மலிவாகக் கிடைக்கும் ஊரில் மின்வண்டியின் ஆதாயம் கொஞ்சம் குறைவு என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதில் உங்கள் சொந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். மின்கட்டணம் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் ஏறினால் கிலோமீட்டருக்கு 17 காசுதான் கூடும். பெட்ரோல் லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால் 6 காசு கூடும்.

போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும்?

2,82,000 ரூபாயை 4 ரூபாய் 67 காசால் வகுத்தால் சுமார் 60,000 கிலோமீட்டர் வருகிறது. கூடுதலாகப் போட்ட பணம் திரும்பி வர மின்வண்டி 60,000 கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். ஆண்டுக்கு 300 நாள் வண்டி ஓடுவதாக வைத்தால் கணக்கு இப்படி அமைகிறது:

நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர்: ஆண்டு மிச்சம் 28,000 ரூபாய், பணம் திரும்ப 10 ஆண்டு.
நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர்: ஆண்டு மிச்சம் 56,000 ரூபாய், பணம் திரும்ப 5 ஆண்டு.
நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர்: ஆண்டு மிச்சம் 84,000 ரூபாய், பணம் திரும்ப 3 ஆண்டு 4 மாதம்.
நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர்: ஆண்டு மிச்சம் 1,12,000 ரூபாய், பணம் திரும்ப இரண்டரை ஆண்டு.

இதில் வட்டியைச் சேர்க்கவில்லை. 2,82,000 ரூபாய்க்கு 10 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 28,000 ரூபாய். முதல் வரியைத் திரும்பப் பாருங்கள். நாளுக்கு 20 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு எண்ணெயில் மிஞ்சுவதும் 28,000தான். தொடக்க ஆண்டுகளில் மிச்சம் முழுவதும் வட்டிக்கே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். கடன் இல்லாமல் கைமுதலில் வாங்கினாலும் கணக்கு மாறாது. அதே 2,82,000 ரூபாயைச் சரக்கில் போட்டிருந்தால், ஆண்டுக்குப் பல முறை புரண்டு லாபம் கொடுத்திருக்கும் அல்லவா? மளிகை வியாபாரிக்குக் கைமுதலைவிட மேலான சரக்கு கிடையாது.

எஞ்சின் ஆயில், ஃபில்டர், கிளட்ச் போன்ற செலவுகள் மின்வண்டிக்கு இல்லை. அதை வரவில் நாம் சேர்க்கவில்லை. பேட்டரியின் தேய்மானத்தைச் செலவிலும் சேர்க்கவில்லை. டயர், பிரேக், ஸ்பிரிங் செலவு இரண்டுக்கும் பொதுவானது.

யாருக்கு லாபம், யாருக்கு இல்லை?

நோணாங்குப்பத்தில் கடை வைத்திருக்கும் ஒரு மளிகைக்காரரை எடுத்துக்கொள்வோம். காலையில் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் வழியாகப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்துத் திரும்பினால் போக வர 16 முதல் 20 கிலோமீட்டர். அன்றைக்கு அவ்வளவுதான் ஓட்டம். வாரத்தில் மூன்று நாள் மட்டும் போகிறவர்களும் உண்டு. சமதரை, குறைந்த தூரம், இரவெல்லாம் வண்டி நிற்கும். மின்வண்டிக்கு மிகப் பொருத்தமான ஓட்டம் என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். ஆனால் லாபக் கணக்கு இவருக்குக் கட்டவில்லை. ஓடாத வண்டி எண்ணெயை மிச்சப்படுத்தாது.

புதுச்சேரியிலிருந்து பாகூர், கன்னியக்கோயில் என்று தினமும் நாற்பது கடைகளுக்குச் சரக்கு இறக்கி 70, 80 கிலோமீட்டர் சுற்றும் லைன் வண்டிக்கு நிலைமை வேறு. அவருக்கு இரண்டரை, மூன்று ஆண்டில் கூடுதல் விலை திரும்பிவிடும். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் எண்ணெய்க் காசு கையில் நிற்கும். அடிக்கடி நின்று கிளம்பும் ஓட்டம் மின்வண்டிக்கு நல்லது. வேகம் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. நிற்கும் நேரத்தில் வீணாக எரிவதும் இல்லை.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. பிரிட்டனில் வீடு வீடாகப் பால் ஊற்றிய வண்டிகள் பல பத்தாண்டுகளாகவே பேட்டரி வண்டிகள்தான். தினமும் ஒரே தெரு, ஒரே தூரம், நூற்றுக்கணக்கான நிறுத்தங்கள், இரவில் டிப்போவில் சார்ஜ். ஓட்டம் நிச்சயமாக இருந்ததால் அங்கே பேட்டரி நிலைத்தது. மறுபக்கம், அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 2022இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஃப்-150 லைட்னிங் என்ற பெரிய மின்சார பிக்கப், பின்னால் இழுவை வண்டி பூட்டி நெடுந்தூரம் போனால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. விலையும் அதிகம். 2025 டிசம்பரில் அதன் முழு மின்சார வடிவத்தின் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக நிறுவனமே அறிவித்தது. மின்சாரம் எல்லா வண்டிக்கும் ஆகாது என்பதோ, எல்லாவற்றுக்கும் ஆகும் என்பதோ இதன் பொருள் அல்ல. ஓட்டத்துக்கு ஏற்ற வண்டி என்பதே பாடம்.

சொல்லும் தூரமும் ஓடும் தூரமும்

கம்பெனி 155 கிலோமீட்டர் என்று சொல்கிறது. அது வரையறுத்த சோதனை முறையில் கிடைக்கும் தூரம். முழுச் சரக்கு, ஏப்ரல் மே வெயில், மரப்பாலம் நெரிசல், சந்துக்குள் முன்பின் எடுப்பது எல்லாம் சேர்ந்தால் அது கிடைக்காது. நம் கணக்குப்படி முழு சார்ஜில் 100 கிலோமீட்டர். அதிலும் கடைசிச் சொட்டு வரை ஓட்டக்கூடாது. ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக வைக்கவேண்டும். ஆகவே நம்பி ஓட்டக்கூடியது 80 கிலோமீட்டர்.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஓட்டம் குறைந்தால் லாபமில்லை. ஓட்டம் கூடினால் பேட்டரி எட்டாது. மின்வண்டி நன்றாகக் கட்டுவது நாளொன்றுக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வரையுள்ள நிச்சயமான ஓட்டத்துக்குத்தான்.

இதை நீட்டிக்க ஒரு வழி உண்டு. மதியம் கடை அடைத்து மாலையில் திறக்கும் பழக்கம் புதுச்சேரியில் இன்றும் இருக்கிறது. அந்த இரண்டரை மணி நேரம் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் போட்டால், மணிக்கு 3 யூனிட் வீதம் ஏழரை யூனிட் ஏறும். அது 45 கிலோமீட்டர் ஓட்டம். காலை லைன், மாலை லைன் என்று பிரித்துக்கொள்பவர்களுக்கு இது பெரிய வசதி.

அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீபாவளி, பொங்கல் சீசனில் 15 மூட்டை வண்டியில் 22 மூட்டை ஏற்றுவது நடக்கிறது. பெட்ரோல் வண்டியானால் எண்ணெய் கூடக் குடித்துக்கொண்டு வந்துவிடும். மின்வண்டியில் தூரம் குறைந்து பாதி வழியில் நிற்கும் நிலை வரலாம்; மோட்டாரும் பேட்டரியும் சூடேறும்; உத்தரவாதத்துக்கும் பங்கம் வரும்.

சார்ஜ் போடும் இடம்

கணக்கில் நாம் போட்ட 8 ரூபாய், சொந்தக் கடையிலோ கொட்டகையிலோ சார்ஜ் போடுபவருக்கு உரியது. பொது சார்ஜ் நிலையத்தில் வேகமாக ஏற்றினால் யூனிட் விலை கணிசமாகக் கூடும். யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று கொண்டால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 33 காசு. மிச்சம் 2 ரூபாய் 67 காசாகச் சுருங்கிவிடும். 60,000 கிலோமீட்டரில் திரும்ப வேண்டிய பணம் திரும்ப 1,05,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். எனவே வண்டியை இரவில் தெருவில் நிறுத்துகிறவர், சொந்தமாகச் சார்ஜ் போட இடமில்லாதவர், மின்வண்டியை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

இடம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கடையின் மின் இணைப்பில் அனுமதிக்கப்பட்ட சுமை எவ்வளவு என்று பில்லில் பாருங்கள். சார்ஜருக்கு 3 கிலோவாட் கூடுதலாக வேண்டும். பிரிட்ஜ், பிரீசர், மாவு மிஷின் உள்ள கடையில் இது தாங்காமல் போகலாம். மின்துறை அலுவலகத்தில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பித்து, எந்தக் கட்டண வகையில் வரும் என்பதையும் கேட்டுக்கொள்ளவும்.

2. மீட்டர் பலகையிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த் அவசியம். எக்ஸ்டென்ஷன் ஒயரில் சார்ஜ் போடவே கூடாது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து முழு மின்னோட்டம் பாயும்போது லூசான பிளக் உருகித் தீப்பிடிக்கும்.

3. எண்ணெய் டின், தீப்பெட்டி, அட்டைப்பெட்டி அடுக்கிய குடோனுக்குள் சார்ஜ் போடவேண்டாம். காற்றோட்டமான, கூரையுள்ள வெளியிடம் நல்லது. வெயிலில் நிறுத்தினால் பேட்டரியின் ஆயுள் குறையும்.

4. நம் ஊர் உப்புக்காற்று பித்தளையையே பச்சையாக்கிவிடும். சார்ஜ் பிளக்கின் முனைகளை அடிக்கடி பார்த்து, மூடியை மூடியே வைக்கவேண்டும்.

மழைக்காலம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது பல நாள் மின்சாரம் இல்லாமல் தவித்தோம். 2024 நவம்பர் 30ஆம் தேதி கரையைக் கடந்த பெஞ்சல் புயலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சுண்ணாம்பாற்றின் கரையில் இருக்கும் நமக்கு இது எப்போதோ வரும் விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

மின்வண்டியின் பேட்டரிப் பெட்டி நீர் புகாதபடி அடைக்கப்பட்டிருக்கும். மழையில் நனைவதாலோ, தெருவில் தேங்கிய நீரைக் கடப்பதாலோ பயமில்லை. ஆனால் மணிக்கணக்கில் நீரில் மூழ்கி நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவோ சார்ஜ் போடவோ கூடாது. சர்வீஸ் ஆட்கள் பார்த்த பிறகே தொடவேண்டும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் முழு சார்ஜ் ஏற்றி வண்டியை மேட்டில் நிறுத்துவது முதல் வேலையாக இருக்கவேண்டும். மின்சாரம் போனபின் அந்த ஒரு சார்ஜ்தான் கையிருப்பு. மக்கள் அரிசி, பால் பவுடர், மெழுகுவர்த்தி தேடிக் கடைக்கு வரும் நாட்கள் அவை. அப்போது வண்டி நின்றால் வியாபாரமும் நிற்கும், ஊருக்கும் கஷ்டம். இரண்டு மூன்று வண்டி வைத்திருக்கும் மொத்த வியாபாரிகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றாமல் ஒரு எண்ணெய் வண்டியைக் கையில் வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

விற்பனையாளர் சொல்லும் சலுகைகள்

மானியம்: மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் 10,900 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 2024 அக்டோபரில் தொடங்கியது. இதில் மூன்று சக்கர சரக்கு வண்டிகளுக்கும், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கும் இடம் தரப்பட்டது. நடுவில் உள்ள சிறு நான்கு சக்கர பிக்கப்புக்கு இடமில்லை. மூன்று சக்கர வண்டிக்கு மானியம் உண்டு என்று யாராவது சொன்னால், அது இன்று அமலில் உள்ளதா என்று கேட்டு, கொட்டேஷனில் எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.

பெர்மிட்: மின்சார வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்று மத்திய அரசு 2018இல் அறிவித்தது உண்மை. ஆனால் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் ஏற்கெனவே தேவையில்லை. ஆகவே குட்டி யானை வகை வண்டிக்கு இது புதிய ஆதாயம் அல்ல.

பதிவும் காப்பீடும்: பேட்டரி வண்டிகளுக்குப் பதிவுச் சான்றிதழ்க் கட்டணம் 2021 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. மூன்றாம் நபர் காப்பீட்டுத் தவணையில் 15 சதவீதத் தள்ளுபடி 2022ஆம் ஆண்டு விதிகளில் தரப்பட்டது. ஆனால் முழுக் காப்பீடு வண்டியின் விலையை வைத்துக் கணக்கிடப்படுவதால், விலை கூடிய வண்டிக்கு அந்தப் பகுதி கூடும். இரண்டையும் சேர்த்த மொத்தத் தொகையைக் கேளுங்கள்.

உத்தரவாதம்: பேட்டரிக்கு எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவா, கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் பார்க்கவேண்டும். "பேட்டரிக்கு கியாரண்டி உண்டு" என்ற வாய்வார்த்தை போதாது.

மறுவிற்பனை: ஐந்து வருடம் ஓடிய பெட்ரோல் குட்டி யானைக்குச் சந்தையில் விலை உண்டு, எந்த மெக்கானிக்கும் பார்த்துச் சொல்லிவிடுவார். பழைய மின்வண்டியின் விலை அதன் பேட்டரியில் மிஞ்சியிருக்கும் உயிரைப் பொறுத்தது. அதை மதிப்பிடும் ஆட்கள் நம் சந்தையில் இன்னும் பெருகவில்லை. கணக்குப் போடும்போது மறுவிற்பனை விலையைக் குறைத்தே வையுங்கள்.

கையில் நல்ல வண்டி இருப்பவருக்கு

இதுவரை போட்ட கணக்கு, எப்படியும் ஒரு புது வண்டி வாங்கியே தீரவேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு. கடன் தீர்ந்து, ஓடும் நிலையில் வண்டி வைத்திருப்பவருக்குக் கணக்கு வேறு. அவர் பழைய வண்டியை 2 லட்சத்துக்கு விற்று 6,50,000 ரூபாய் வண்டி வாங்கினால் கையிலிருந்து போவது நாலரை லட்சம். அது திரும்ப 96,000 கிலோமீட்டர் ஓடவேண்டும். நாளுக்கு 80 கிலோமீட்டர் ஓடினாலும் நான்கு ஆண்டு. எனவே எஞ்சின் வேலை பெரிதாக வரும்வரை, அல்லது எஃப்.சி.க்குப் பெருஞ்செலவு வரும்வரை காத்திருந்து மாற்றுவதே நல்லது.

சிறு கடைக்காரருக்கு வழி என்ன?

நாளுக்கு 20 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டம் உள்ளவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. வாரத்தில் சில நாள் மட்டும் சரக்கு எடுப்பவருக்கு லோடு ஆட்டோ வாடகையே மலிவு. சொந்த வண்டி கட்டாயம் வேண்டுமென்றால், விலை குறைந்த மூன்று சக்கர மின்வண்டியைப் பார்க்கலாம். ட்ரியோ ஜோர் போன்றவை சுமார் 550 கிலோ ஏற்றும். அரிசி மூட்டை அதிகம் எடுக்காத கடைக்கு இது போதும்.

மூன்றாவது வழி கூட்டு வண்டி. ஒரே சாலையில் உள்ள நான்கு கடைக்காரர்கள் தனித்தனியே 20 கிலோமீட்டர் ஓட்டினால் நான்கு பேருக்கும் கட்டாது. நால்வரும் சேர்ந்து ஒரு மின்வண்டியை அமர்த்தினால் அது 80 கிலோமீட்டர் ஓடும். முன் சொன்ன இரண்டரை ஆண்டுக் கணக்கு அப்படியே பொருந்தும். யார் பெயரில் வண்டி, யார் இடத்தில் சார்ஜ், எந்தக் கடைக்கு எந்த நேரம், பழுது வந்தால் யார் எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டால் மனக்கசப்பு வராது. மற்றவர்களிடம் கூலி வாங்கி ஓட்டினால் அது வாடகைத் தொழிலாகிவிடும் என்பதால், வரியும் காப்பீடும் பற்றி ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும். சாலைவாரியாக வியாபாரிகள் கூடிப் பேசினால் இது நடக்கக்கூடிய காரியமே.

முதலில் செய்யவேண்டியது

வண்டி பார்க்க ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு மாதம், தினமும் ஐந்தே விவரம் எழுதுங்கள்: காலையில் மீட்டர் எண், இரவில் மீட்டர் எண், எத்தனை மூட்டை ஏற்றியது, எத்தனை இடத்தில் நின்றது, எண்ணெய்க்குப் போட்ட பணம். மாதம் முடிந்ததும் மூன்று எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஒன்று, சராசரி நாளின் ஓட்டம். இரண்டு, அந்த மாதத்தில் மிக அதிகமாக ஓடிய நாளின் ஓட்டம். மூன்று, ஒரு கிலோமீட்டருக்கு ஆன எண்ணெய்ச் செலவு.

சராசரி 60 கிலோமீட்டருக்கு மேல், அதிகபட்ச நாள் 80 கிலோமீட்டருக்குள், சொந்த இடத்தில் சார்ஜ் வசதி, வண்டி மாற்றவேண்டிய காலமும் வந்துவிட்டது. இந்த நான்கும் பொருந்துகிறவர் தயங்காமல் மின்வண்டியை ஒரு நாள் கேட்டு வாங்கி, தம் சொந்தச் சரக்கை ஏற்றித் தம் சொந்த லைனில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். சராசரி 30 கிலோமீட்டருக்குக் கீழே உள்ளவர் இன்னும் சில ஆண்டு பொறுப்பதால் எதையும் இழக்கப் போவதில்லை. அந்தப் பணம் சரக்கில் புரளட்டும். நடுவில் உள்ளவர்கள், இரண்டு லைனை ஒன்றாக்கியோ பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்தோ ஓட்டத்தைக் கூட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

விலை மாறும், வரி மாறும், புது வண்டிகள் வரும். ஆனால் நம் வண்டி தினமும் எவ்வளவு ஓடுகிறது என்பது நமக்குத்தான் தெரியும். அதை எழுதி வைத்திருப்பவரை எந்த விற்பனையாளரும் ஏமாற்ற முடியாது.